முனியப்பன் கோயிலுக்கு எதிரே நின்றுபோகும் வண்டி

எந்த வண்டி வந்தாலும் அமுதவல்லி அக்கா உடனே பானட்டைத் திறக்கமாட்டார். வண்டிக்காரரை ஸ்டூலில் உட்காரவைத்து, எதிர்க்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, கேள்வி கேட்க ஆரம்பிப்பார். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எங்கே நின்றது, வெயிலா மழையா, வண்டியில் எத்தனை பேர், கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டீர்கள். பதில்களை ஷெட்டின் தகரச் சுவரில் சாக்பீஸால் எழுதுவார். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எரிச்சல் வந்துவிடும்.

"ஏனுங்க, வண்டியப் பாப்பீங்களா, என்ற சாதகத்தப் பாப்பீங்களா?" என்று ஒரு லாரி ஓனர் கேட்டார்.

"சாதகத்தப் பாத்தாத்தானுங்க கெரகம் எங்க உக்காந்திருக்குதுன்னு தெரியும்" என்று அக்கா சிரிக்காமல் சொன்னார்.

ஆண்டகளூர் கேட்டுக்குப் பக்கத்தில் அவருடைய ஷெட்டை ஒட்டினாற்போல் நான் கார்களுக்கு சீட் கவர் தைக்கிறேன். நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். ஏழு வருடமாகத் தைத்துக்கொண்டே அந்தப் பக்கம் பார்க்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோன எனக்கு, ஒருவர் யோசிப்பதை நேரில் பார்க்கும் பாக்கியம் அந்தத் தடுப்பின் இடுக்கில்தான் கிடைத்தது.

அக்காவின் கணவர் காளியப்பன் அண்ணன் போர்வெல் ரிக் வண்டியில் மெக்கானிக். வருடத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கர் பக்கம் இருப்பார். ஷெட் அவருடையதுதான். கல்யாணமான இரண்டாம் வருடம், பூட்டிக் கிடந்த ஷெட்டுக்கு முன்னால் ஒரு வாத்தியாருடைய கார் நின்றுபோனது. அக்கா அண்ணனுக்குப் போன் போட்டு, அவர் சொல்லச் சொல்லக் கையை வைத்திருக்கிறார். அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. ஆனால் போர் போடும் காட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்காது.

"பாதியில லைன் கட்டாயிரும். ஆளு வண்டிக்குப் பக்கத்துல நின்னுட்டு நம்ம மூஞ்சியவே பாப்பாங்க. மீதிய நானே யோசிச்சாவோணும். அப்புடித்தான் கத்துக்கிட்டது" என்பார்.

இப்போது அண்ணன்தான் சத்தீஸ்கரிலிருந்து அக்காவுக்குப் போன் போட்டுச் சந்தேகம் கேட்கிறார். சேலைக்கு மேல் அண்ணனுடைய பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கியபடி, "கழட்டறதுக்கு முன்னாடி சித்தெ நில்லுங்க. எதுக்குக் கழட்டறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க" என்று அவரைக் கேட்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, வெள்ளை நிறத்தில் ஒரு பழைய கார் வந்து நின்றது. கார்புரேட்டர் வைத்த காலத்து பெட்ரோல் வண்டி. ஓட்டிக்கொண்டு வந்தவர் அர்த்தநாரி. ராசிபுரத்துக்குத் தெற்கே மரவள்ளி போடுகிற விவசாயி, அறுபத்தைந்து வயதிருக்கும். முன்சீட்டில் அவர் மனைவி ஆத்தாயி. முகம் ஊதியிருந்தது. கையில் ஊசி போட்ட இடத்தில் தோல் கறுத்து முடிச்சு முடிச்சாக இருந்தது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. தை மாதத்துக்குச் சற்று முன்னாலிருந்து வாரம் மூன்று நாள் சேலம் அஸ்தம்பட்டியில் டயாலிசிஸ். ஒருமுறை வாடகைக் காரில் வாந்தி எடுத்து, டிரைவர் முகத்தைச் சுளித்ததிலிருந்து சொந்த வண்டியைத் தவிர வேறு எதிலும் ஏறமாட்டாராம்.

"நாலு மெக்கானிக் பாத்தாச்சுங்க" என்றார் அர்த்தநாரி. "பம்ப் புதுசு, பிளக் புதுசு, காயில் புதுசு, பில்டர் புதுசு. எல்லாம் மாத்தியாச்சு. இன்னும் நிக்குது."

அந்த நாலு பேரில் ஒருவர் கந்தப்பன் அண்ணன். அவர் ஒர்க்‌ஷாப் எங்களுக்கு இரண்டு ஷெட் தள்ளி. அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "அமுதா, அந்த வண்டிக்கு மெக்கானிக்கு வேண்டாம். பூசாரியக் கூப்புடு!"

"எங்கீங்க நிக்குது?" என்று அக்கா கேட்டார்.

"அதுதானுங்க அதிசயம். மல்லூர் தாண்டி ரோட்டோரத்துல ஒரு முனியப்பன் கோயில் இருக்குதல்லங்க, அதுக்கு நேரா வந்தா ஆஃப் ஆயிருது. முந்தியும் இல்ல, பிந்தியும் இல்ல. எறங்கி ஒரு இருவது நிமிசம் உக்காந்து கும்புட்டுட்டு வந்தமுன்னா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவுது."

"வரும்போது?"

"வரும்போது ஒரு நாளும் நின்னதில்லீங்க."

"ஊட்டுக்குத் திரும்பறவளச் சாமி எதுக்கு மறிக்கோணும்?" என்றார் ஆத்தாயி. அதுவரை அவர் வாயே திறக்கவில்லை. "போறப்பத்தான் மறிக்குது. போவேண்டாங்குது."

அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தத் திங்கக்கெழம ஒரு தடவ பாப்பேன் அம்மிணி" என்று ஆத்தாயி அக்காவைப் பார்த்துச் சொன்னார். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. "நின்னுச்சுன்னா அங்கிருந்தே ஊட்டுக்குத் திரும்பிருவேன். அப்புறம் போவமாட்டேன். சாமி குறுக்க நிக்கறப்ப தாண்டிப் போறதுக்கு நான் யாரு?"

போகாமல் விட்டால் எத்தனை நாள் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். கந்தப்பன் அண்ணன்கூடக் கிண்டலைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றார்.

அக்கா சாக்பீஸை எடுத்தார். ஆஸ்பத்திரி நோட்டைப் பார்த்து, போன தேதிகளையெல்லாம் சுவரில் வரிசையாக எழுதினார். இருபத்து நான்கு தேதி. நின்ற நாளுக்கு நேராக ஒரு கோடு, நிற்காத நாளுக்கு நேராக ஒரு வட்டம். பதினெட்டுக் கோடு வந்தது. நடுவில் ஆறு வட்டம், அடுத்தடுத்து.

"இந்த ஆறு நாளு என்னங்க?"

"அது முனியப்பனுக்குச் சேவல் அறுத்ததுக்கு அப்புறமுங்க. ஆறு தடவ நிக்காமப் போச்சு. அப்புறம் பழையபடி."

"ஒரு சேவல் ஆறு தடவைக்குத்தான் தாங்கும் போல" என்று கந்தப்பன் அண்ணன் முணுமுணுத்தார்.

"கெடா கேக்குது" என்றார் ஆத்தாயி, தீர்மானமாக.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. "சேவல் அறுத்தத விடுங்க. அந்தச் சமயத்துல வேற என்ன நடந்துச்சு? சின்ன விசயமா இருந்தாலுஞ் சரி."

அர்த்தநாரி யோசித்தார். "ஒண்ணும் இல்லீங்க. கோயிலுக்குப் போயிட்டு வந்தன்னிக்கே வண்டிய நல்லாக் கழுவுனேன். மறுநாளே எங்க பங்காளி ஊட்டுல பெரிசு ஒண்ணு தவறிப்போச்சு. கருமாதி வரைக்கும் அங்கயும் இங்கயும் அலைச்சல்."

அக்கா வட்டங்களுக்குப் பக்கத்தில் 'கழுவியது' என்றும் 'எழவு' என்றும் எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டார்.

"திங்கக்கெழம நானும் கூட வாரேன். எப்பவும் என்ன செய்வீங்களோ அதயே செய்யுங்க. ஒண்ணயும் மாத்த வேண்டாம்."

"வண்டியில கைய வெக்க மாட்டீங்களா?"

"ஏற்கெனவே எட்டுக் கை வெச்சாச்சு. எதனால நின்னுச்சுன்னு யாருக்காச்சும் தெரிஞ்சுதா?"

திங்கட்கிழமை அக்கா என்னையும் கிளப்பினார். "நீ வா புள்ள. நோட்டுல நேரத்த எழுது. உன்னாலதான் குறுக்கப் பேசாம இருக்க முடியும்."

காலை ஏழு மணிக்குள் அவர்கள் வீட்டில் இருந்தோம். அர்த்தநாரி வண்டியை வாசலுக்கு எடுத்து நிறுத்தினார். ஆத்தாயி ஒரு தட்டில் குழைத்த சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்தார். நடக்கவே மூச்சு வாங்கியது. ஆனாலும் வேறு யாரையும் தொடவிடவில்லை. பானட்டில் ஒரு பொட்டு, ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு, நான்கு சக்கரத்துக்கும் நான்கு. கடைசியாகப் பின்பக்கம் போய், வெளியே தெரியும்படி இருந்த பெட்ரோல் டேங்க் மூடியின் நட்டநடுவில் கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு.

"இதுதானே அது சோறு திங்கற வாயி" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"டேங்குல எவ்வளவுங்க இருக்குது?" என்று அக்கா அர்த்தநாரியைக் கேட்டார்.

"எப்பவும் மொத நா ராத்திரியே ஃபுல் பண்ணி வெச்சிருவனுங்க. வழியில தீந்து நின்னு போச்சுன்னா அவ உசுருல்லங்க."

அதையும் எழுதச் சொன்னார். எழுதினேன். ஏழு பத்துக்குக் கிளம்பினோம்.

வண்டி ரோட்டுக்கு ஏறியதும் அக்கா பின்சீட்டில் சாய்ந்துகொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தை வண்டியின் தரையில் பதித்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று அர்த்தநாரி நினைத்திருப்பார். ஏழு முப்பத்திரண்டுக்கு, எனக்கு எதுவும் தெரியாதபோதே, "இப்ப எழுது" என்றார். சில நொடி கழித்துத்தான் வண்டி லேசாகத் திக்கியது. திரும்பவும் திக்கியது. ஏழு முப்பத்துநான்குக்கு இன்ஜின் அடங்கி, வண்டி மட்டும் சத்தமில்லாமல் உருண்டு போய் ஓரத்தில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக முனியப்பன் அரிவாளோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெரிய கண்கள் நேராக எங்கள் வண்டியைப் பார்த்தன. எனக்குக் கைமுடி எல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த நிமிடம் நானும் ஆத்தாயி பக்கம்தான்.

"பாத்தீங்களா அம்மிணி?" என்றார் ஆத்தாயி. கதவைத் திறந்து, மெதுவாக இறங்கி, கோயிலைப் பார்த்து நடந்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அர்த்தநாரி ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டியபடி கிடந்தார்.

அக்கா இறங்கி பானட்டைத் திறந்தார். ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இன்ஜின் மேல் வைத்து, அர்த்தநாரியைச் சாவியைத் திருகச் சொன்னார். நீலமாகப் பொறி தெறித்தது. "கரண்டு இருக்குது." பிளக்கைத் திரும்ப மாட்டினார். பிறகு குனிந்து, பெட்ரோல் வரும் வழியில் இருந்த கண்ணாடி போன்ற சின்ன பில்டரைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது.

"பெட்ரோல் வரல."

"டேங்க் தளும்பத் தளும்ப இருக்குதுங்களே!"

அக்கா பானட்டிலிருந்து நிமிர்ந்தார். கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஏதாவது செய்யுங்களேன் என்று எனக்குப் பதறியது. அவர் என்னிடமிருந்து நோட்டை வாங்கி, மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். திருப்பிக் கொடுத்தார். பானட்டை விட்டுவிட்டு வண்டியின் பின்பக்கம் போனார். மூடியைப் பிடித்துத் திருகினார்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். வெளியே வந்த காற்று இல்லை. உள்ளே போன காற்று. வெகுநேரம் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தவர் மேலே வந்ததும் இழுப்பாரே, அந்த மூச்சு. ஒரு வண்டி மூச்சு இழுத்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் அக்கா, மூடியைக் கையில் வைத்துக்கொண்டே.

நாலைந்து முறை திருகியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஏழு நாற்பத்தொன்று. இருபது நிமிடம் ஆகவில்லை, ஏழே நிமிடம். அர்த்தநாரி இறங்கி ஓடிவந்தார். அக்கா மூடியின் உள்பக்கம் வாயை வைத்து ஊதிக் காட்டினார். கன்னம்தான் உப்பியது, காற்று மறுபக்கம் வரவில்லை. மூடியின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கிறதாம். சந்தனத்துக்கு அடியில்.

"ஒரே ஓட்ட போட்ட எளநிய வாய ஒட்டவெச்சு உறிஞ்சிப் பாத்திருக்கீங்களா? நாலு மடக்குக்கு அப்புறம் வராது. உள்ள காத்துப் போனாத்தான் வரும். டேங்குக்கு அந்தக் காத்து இந்தத் துளையில போவோணும். நீங்க ஃபுல் பண்ணிட்டீங்க, உள்ள காத்து நிக்கவே எடமில்ல. இருவது இருவத்தஞ்சு நிமிசந்தான் ஓடும். அந்த நேரத்துக்கு நீங்க இந்தக் கோயிலுக்கு வாறீங்க. வரும்போது டேங்க் கொறஞ்சிருக்குது, உள்ள காத்து இருக்குது, ஊடு போய்ச் சேந்தர்றீங்க."

"நின்னதுக்கப்புறம் எப்புடிங்க தானா ஸ்டார்ட் ஆவுது?"

"சும்மா நின்னா இண்டு இடுக்குல கொஞ்சங் கொஞ்சமா காத்து எறங்கும். அதுக்குத்தான் அந்த இருவது நிமிசம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எழவு ஊட்டுத் தீட்டுல பெரியம்மா வண்டிக்குச் சந்தனம் வெச்சாங்களா?" என்று கேட்டார்.

"தீட்டுல எப்புடிங்க வெ…" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கழுவிய வண்டி. கருமாதி வரை பொட்டில்லாத மூடி. ஆறு வட்டம்.

நாலு மெக்கானிக்குகள் அந்த மூடியைத் திறந்திருப்பார்கள். விரலில் ஒட்டிய சந்தனத்தைத் துடைத்திருப்பார்கள். யாருக்கும் அது கண்ணில் படவில்லை. நானும் ஏழு மணிக்கு அவர் பொட்டு வைப்பதை ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்தேன். பொட்டு வைத்த வண்டிதானே நமக்கு வண்டி. பொட்டு இல்லாவிட்டால்தான் கண்ணை உறுத்தும். அக்கா மட்டும் எப்படிப் பார்த்தார் என்று இன்றைக்கும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

"அவகிட்டப் போயி சொல்றேன்" என்று அர்த்தநாரி கிளம்பினார். அக்கா தடுத்தார்.

"இப்ப வேண்டாமுங்க."

அக்கா கோயிலுக்குப் போய் ஆத்தாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "பெரியம்மா, வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சு. இன்னிக்கு மட்டும் வாங்க. நாளைக்கு ஒரு நாள எனக்குக் குடுங்க. அப்புறம் நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

ஆத்தாயி முனியப்பனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்கு ஒரு நாளு" என்று எழுந்தார். அக்கா மூடியைத் துடைக்காமலேயே, ஆனால் பாதித் திருகாகத் தளர்த்தி மாட்டினார். அன்றைக்குத் தடங்கல் இல்லாமல் போய்ச் சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரி மரத்தடியில் காத்திருந்தபோது நான் மெதுவாகச் சொன்னேன்: "அக்கா, வண்டி நின்னப்ப அந்தம்மா பயப்படலக்கா. மொகம் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு. பள்ளிக்கூடம் லீவுன்னு சொன்னாக் கொழந்தைக மொகம் இருக்குமே, அப்புடி."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அத நோட்டுல எழுதுனயா?"

"இல்லக்கா."

"அதத்தான் புள்ள மொதல்ல எழுதியிருக்கோணும்."

செவ்வாய்க்கிழமை, நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லி ஆத்தாயியைக் கூட்டிக்கொண்டோம். அர்த்தநாரியை வீட்டிலேயே விட்டுவிட்டு அக்காவே ஓட்டினார். கிளம்புவதற்கு முன் டேங்கை நிரப்பி, மூடியை இறுகத் திருகி, "பொட்டு வைங்க பெரியம்மா" என்று தானே தட்டை நீட்டினார். ஆத்தாயி எல்லா இடத்திலும் வைத்தார். மூடியிலும் வைத்தார்.

புதன்சந்தை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி திக்கி, நின்றது. என் நோட்டில் இருபத்துமூன்று நிமிடம். ஒரு பக்கம் வெறும் காடு. இன்னொரு பக்கம் நீளநீளமாகக் கோழிப்பண்ணைக் கொட்டகை. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே குரலில் கொக்கரித்துக்கொண்டிருந்தன. எச்ச வாடை மூக்கைத் துளைத்தது.

ஆத்தாயி சுற்றும் முற்றும் பார்த்தார். "இங்க என்ன சாமி இருக்குது?"

"அதத்தான் நானும் தேடறேன்" என்றார் அக்கா. "முனியப்பனுக்கு அறுத்த சேவலோட சொந்தக்காரங்கதான் இருக்காங்க."

ஆத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, ஊதிய முகம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அக்கா அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிவந்தார்.

"உங்க கையாலயே தெறங்க."

ஆத்தாயியின் விரலில் பலம் இல்லை. அக்கா தன் கையை அவர் கைமேல் வைத்து அழுத்தித் திருகினார். அதே மூச்சு. ஆத்தாயி பயந்து கையை எடுத்துவிட்டார். பிறகு, அவராகவே, உள்ளங்கையை டேங்கின் வாயில் வைத்தார். காற்று அந்தக் கையை உள்ளே இழுத்திருக்க வேண்டும். அவர் கண் விரிந்தது.

அக்கா மூடியைத் துடைத்து, தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றித் துளையைக் குத்தினார். காய்ந்த சந்தனம் மாவு மாதிரி உதிர்ந்தது. மூடியின் வெளிப்பக்கத்தை ஆத்தாயியின் உள்ளங்கைக்கு நேராகப் பிடித்து, உள்பக்கமிருந்து ஊதினார்.

"வருதுங்களா?"

"வருது" என்றார் ஆத்தாயி மிக மெல்லிய குரலில். "நூலாட்ட வருது."

வண்டியில் சாய்ந்துகொண்டார். கொட்டகையைப் பார்த்தபடியே, "அப்ப என்ற கையாலயே அதோட மூக்க அடச்சிருக்கறேன்" என்றார்.

"நல்லா இருக்கோணும்னுதானுங்க வெச்சீங்க."

"அவரு நல்லா இருக்கோணும்னு ரொப்பி வெச்சாரு. நான் நல்லா இருக்கோணும்னு பொட்டு வெச்சேன்." தலையை ஆட்டினார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். "அப்பச் சாமி என்னயப் போவேண்டாம்னு சொல்லலியா?"

அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. ஆசையாக வைத்திருந்த ஒன்றை யாரோ கையிலிருந்து வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"சாமி என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க பெரியம்மா" என்றார் அக்கா. "வண்டி என்ன சொல்லுச்சுன்னு மட்டுந்தான் தெரியும். அது காத்து வேணும்னுச்சு. அவ்வளவுதான்."

ஆத்தாயி விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் துடைத்தார்.

"அங்க படுக்கறது கஷ்டம்னா, போவப் புடிக்கலைன்னா, அதப் பெரியப்பாகிட்டச் சொல்லுங்க. டாக்டருகிட்டச் சொல்லுங்க. போறதும் போவாததும் உங்க முடிவு. அத வண்டி மேலயும் போடாதீங்க, முனியப்பன் மேலயும் போடாதீங்க. ரெண்டும் பாவம்."

அந்த அம்மாவிடம் யாராவது இப்படிப் பேசியிருப்பார்களா என்று தெரியவில்லை. எல்லோரும் போய்த்தான் ஆகணும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டியில் எங்கே அடைப்பு என்று கண்டுபிடித்ததைவிட இது பெரியதாக இருந்தது எனக்கு.

"நாலு மணி நேரம் கைய அசைக்காமக் கெடக்கோணும் அம்மிணி" என்றார் ஆத்தாயி. அழுகிறார் என்பதே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. "குளுரும். நெம்பக் குளுரும். அவருகிட்டச் சொன்னா அவரு ஒடஞ்சிருவாரு."

"சொல்லுங்க. ஒடையட்டும். போர்வை எடுத்துட்டு வருவாரல்ல?"

வண்டி நாலைந்து திருகில் ஸ்டார்ட் ஆனது. ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அதே ரோடு, சுத்தமான மூடி. திரும்பும் வழியில் அக்கா ஒரு பங்கில் டேங்கை மறுபடி தளும்ப நிரப்பினார். முப்பது நிமிடம், நாற்பது நிமிடம். வண்டி திக்கவே இல்லை. நான் நோட்டில் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒரு வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். சாயங்காலம் வண்டியோடு ஷெட்டுக்கு வந்து சேர்ந்ததும் கந்தப்பன் அண்ணன் அந்த வட்டங்களைப் பார்த்துவிட்டு, "நான் பம்ப்ப மாத்துனேன், காயில மாத்துனேன்…" என்று இழுத்தார்.

"எல்லாத்தயும் ஒரே நாள்ல மாத்துனீங்கண்ணா. சரியாயிருந்தாக்கூட எதுனால ஆச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார் அக்கா. கந்தப்பன் அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. மூடியை வாங்கித் தானும் ஒருமுறை ஊதிப் பார்த்தார்.

புதன்கிழமை ஆத்தாயி வருவாரா என்று எங்களுக்குத் தெரியாது. ஆறரை மணிக்கே அக்கா ஷெட்டுக்கு வந்துவிட்டார். ஸ்பேனர்களை எடுத்து எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். வண்டிகளிடம் அவ்வளவு நிதானமாக நிற்கிறவர், அன்றைக்கு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு இருபதுக்கு வெள்ளை வண்டி வந்து நின்றது. பானட்டில் பெரிய பொட்டு. மூடி பளிச்சென்று இருந்தது. முன்சீட்டில் ஆத்தாயி, அவர் மடியில் மடித்த கம்பளிப் போர்வை. அர்த்தநாரியின் கண்கள் சிவந்திருந்தன. இரவு தூங்கியிருக்கமாட்டார். ஆனாலும் அவர் முகத்தில் சனிக்கிழமை இருந்த கனம் இல்லை.

"ஏறுங்க" என்றார் ஆத்தாயி. "இன்னும் ஒரு தடவ நீங்க ரெண்டு பேரும் கூட வாங்க. அப்புறம் நாங்களே போய்க்கறோம்."

மல்லூர் தாண்டியது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் வைத்திருந்தார். கோயில் தெரிந்தது. அரிவாள் தெரிந்தது. இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. நான் நோட்டைத் திறந்து பேனாவைக் கையில் எடுத்தேன்.

"ஏனுங்க, இங்க நிறுத்துங்க" என்றார் ஆத்தாயி.

அர்த்தநாரி பயந்துபோய்க் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார்.

"நிறுத்துங்க பெரியப்பா. இன்ஜின ஆஃப் பண்ண வேண்டாம்."

வண்டி ஓரத்தில் நின்றது. இன்ஜின் நிற்கவில்லை. ஆத்தாயி இறங்கவில்லை. சீட்டில் இருந்தபடியே முனியப்பனைப் பார்த்துக் கைகூப்பினார். உதடு அசைந்தது. என்ன வேண்டினாரோ, மன்னிப்புக் கேட்டாரோ, எங்களுக்குக் கேட்கவில்லை. வண்டி அவருக்காக அடங்கிய குரலில் ஓடிக்கொண்டே காத்திருந்தது. ஒரு நிமிடம் இருக்கும். அக்காவின் கண்ணும் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி நோட்டில் நேரத்தை எழுதினேன்.

ஆத்தாயி கையை இறக்கினார். போர்வையை மடியில் சரிசெய்துகொண்டார்.

"போலாமுங்க" என்றார். "குளுருதுன்னு இன்னிக்கு நானே நர்சுகிட்டச் சொல்லிக்கறேன்."